மாடு இல்லாத குடுவை

நீங்கள் மூன்று பேரும் இந்த வருஷம் நம் கல்லூரியின் ரசாயனப் பிரிவில் சேர்ந்திருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசச் சொன்னால், வாங்கிய பாராட்டுகளைத்தான் சொல்வான் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அப்படி என்னிடம் அதிகம் இல்லை. நான் எழுதிக் கொடுத்த ஒரே ஒரு வரியால் ஒரு மனிதர் பதினொரு நாள் போலீஸ் அடைப்பில் கிடந்தார். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

அப்போது ஐரோப்பாவில் சண்டை தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு இருபத்தாறு வயது. பாளையங்கோட்டையில் உபாத்தியாயர் வீட்டுப் பிள்ளை நான். சென்னையில் ரசாயனம் படித்துத் திரும்பி, இங்கே செய்முறை வகுப்புகளை நடத்திக்கொண்டிருந்தேன். பேராசிரியர் கோடைக்கு மலைக்குப் போயிருந்தார். ஆய்வகம் முழுவதும் என் பொறுப்பு. அந்தப் பொறுப்பு எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் மத்தியானம் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் கையில் செத்த மாட்டின் ஈரல் துண்டுகளைப் போட்டு அரக்கு வைத்த ஜாடியோடு வந்தார். வள்ளியூருக்கு மேற்கே ஒரு ஊரில் ஆவுடையப்பன் என்கிற நிலக்காரரின் உழவு மாடுகள் நான்கும் ஒரே காலையில் செத்துப்போயிருந்தன. ஊரில் தோல் வேலை செய்கிற சுடலைதான் தோலுக்காகப் பாஷாணம் வைத்துவிட்டான் என்று ஆவுடையப்பன் புகார் கொடுத்திருந்தார். இருவருக்கும் ஏற்கெனவே மனஸ்தாபம். ஆவுடையப்பன் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலையின் தோல் பை கிழிந்து கிடந்தது. சுடலை வேறு ஒருவருடைய வேலையை எடுத்துக்கொண்டு, இவருடையதைத் தைத்துத் தராமல் தள்ளிப் போட்டிருந்தார். அதில் பெரிய சண்டை.

"சென்னைக்கு ஒரு ஜாடி போயிருக்கு. சர்க்கார் பரிசோதகர் பதில் எழுத ஒரு மாசம் ஆகும்" என்றார் இன்ஸ்பெக்டர். "அது வரைக்கும் ஊரு பொறுக்காது வே. அவன் குடிசையைப் பிரிச்சுப் போட்டுட்டானுவ. அவன் பொஞ்சாதி பாதிரி இருக்கிற வேதக்கோயில் வளாகத்துல போய் ஒதுங்கியிருக்கா. நீரு பாத்துச் சொன்னீர்னா நான் ஒரு முடிவுக்கு வந்துருவேன்."

தொப்பியைக் கழற்றி என் மேஜைமேல் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். நாலு மணிக்கு அவருக்கு வண்டி.

பாஷாணத்துக்கான, அதாவது ஆர்சனிக்குக்கான, சோதனை உங்களுக்குத் தெரியும். குடுவையில் துத்தநாகமும் அமிலமும் இட்டு, சந்தேகப்படுகிற சரக்கைச் சேர்த்து, கிளம்பும் வாயுவைச் சூடான கண்ணாடிக் குழாய் வழியே விடவேண்டும். பாஷாணம் இருந்தால் குழாயின் உட்புறம் கறுப்பாகப் பளபளவென்று ஒட்டும். என் மாணவர்களுக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: முதலில் சரக்கு எதுவும் சேர்க்காமல் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும், குழாய் சுத்தமாக இருந்தால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்று. அன்றைக்கு நான் அதைச் செய்யவில்லை. மணி மூன்று. தொப்பி என் மேஜைமேல் இருந்தது. ஒரு இன்ஸ்பெக்டர் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதுதான் முதல் தடவை.

குழாயில் கறுப்புப் படிந்தது. "உமக்கு வேண்டியது கிடைச்சாச்சு" என்று சொல்லி, 'பாஷாணம் காணப்படுகிறது' என எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது நான் கொஞ்சம் உயரமாகிவிட்ட மாதிரி இருந்தது.

எட்டாம் நாள் மாட்டு வைத்தியர் வந்தார். திருநெல்வேலியில் வேலை பார்த்த அவரும் நானும் ஒரே வயது. சாயங்காலங்களில் ஆற்றங்கரையில் நடக்கிற சிநேகிதம். செத்த மாடுகளின் ரத்தத்தை அவருக்கும் அனுப்பியிருந்தார்கள், அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ் நோயாக இருக்குமோ என்று பார்க்க. அந்த நோயின் கிருமிகள் நுண்ணோக்கியில் குச்சி குச்சியாகத் தெரியும்.

"ஒரு கிருமி கெடையாது" என்றார். "ஆனா பாஷாணத்துல செத்த மாட்டைப் பத்துப் பன்னெண்டு நான் அறுத்திருக்கேன். அது பைய சாகும் வே. கழிஞ்சு கழிஞ்சு, ஒரு நாள், ரெண்டு நாள் ஆகும். நாலு மாடும் ஒரு நாழிகைக்குள்ள விழுந்திருக்கு. எனக்கு மனசு ஒப்பல."

"கறுப்பு வந்துச்சே. நானே கண்ணால பாத்தேன்."

"வந்துச்சு, சரி. மாடே போடாம அந்தக் குடுவையைச் சுட்டா என்ன வருதுன்னு பாத்தீரா?"

அவர் ரசாயனம் படித்தவரில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

அப்போதுதான் துத்தநாகத்தின் ஞாபகம் வந்தது. நாங்கள் வழக்கமாக வாங்கியது ஜெர்மன் சரக்கு, மிகச் சுத்தமானது. சண்டை வந்ததும் கப்பல் நின்றுபோயிற்று. கையிருப்பு தீர்ந்தபின், பேட்டையில் ஒரு பாத்திரப் பட்டறையிலிருந்து துத்தநாகம் வாங்கி அதே புட்டியில் போட்டு வைத்தவன் நான்தான். புட்டியின் மேல் பழைய ஜெர்மன் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது.

வைத்தியரை உட்கார வைத்துக்கொண்டே குடுவையை ஏற்றினேன். துத்தநாகம், அமிலம், வேறொன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் குழாயில் அதே கறுப்பு, அதே பளபளப்பு. மாட்டுக்குள் நான் கண்ட விஷம் பேட்டைப் பட்டறைத் துத்தநாகத்தில் இருந்திருக்கிறது. விளக்கை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். வைத்தியர்தான் எழுந்து அணைத்தார். பிறகு குடுவையைக் கழற்றித் தானே கழுவி வைத்தார். அதற்காக இன்றுவரை அவருக்கு நன்றியுடையவன்.

பேராசிரியர் மலையிலிருந்து இறங்கட்டும், அவரைக் கேட்டுச் செய்வோம் என்று ஒரு யோசனை வந்தது. எப்படியும் சென்னையிலிருந்து சரியான பதில் வந்துவிடும், நாம் சும்மா இருந்தாலே போதும் என்று இன்னொரு யோசனையும் வந்தது. ஒரு நாள் முழுக்க இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நாளும் சேர்த்துத்தான் பதினொன்று.

மறுநாள் விடியுமுன்னே நானும் வைத்தியரும் குதிரை வண்டி பிடித்துப் புறப்பட்டோம். நாங்குநேரியில் வண்டி மாற்றி, பிற்பகலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தோம். நடந்ததை ஒன்றுவிடாமல் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"நீரு எழுதின காகிதத்தைக் காட்டித்தான் நான் அவனை உள்ள வச்சிருக்கேன். இப்ப வந்து இல்லங்கீரு. காசு வாங்கிட்டீர்னுதான் ஊரு சொல்லும்."

"சொல்லட்டும். நான் எழுதினது தப்பு. அதையும் எழுதித் தாரேன்."

எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "நான் இப்ப அவனை வெளிய வுட்டேன்னா ஊருக்குள்ள போய்ச் சேர மாட்டான். பாஷாணம் இல்லன்னா பொறவு என்னது? அதைச் சொல்லும். அப்பதான் அவனைக் கூட்டிட்டுப் போக முடியும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மறுப்பதோடு என் வேலை முடிந்துவிட்டதாக நான் நினைத்திருந்தேன்.

சுடலையைப் பார்க்க அனுமதி கேட்டேன். நாற்பது வயதிருக்கும். கம்பிக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். நான்தான் அந்தக் காகிதத்தை எழுதியவன் என்றும், அது தப்பு என்றும் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வைத்தியர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"சுடலை, அந்த மாடுகளை அறுத்தது நீதானே? உள்ள என்ன பாத்தே?"

சுடலை கம்பியருகே வந்தார். பிறகு மளமளவென்று சொன்னார். "ரத்தம் செக்கச்செவேல்னு இருந்துச்சு எசமான். செத்த மாட்டு ரத்தம் கறுத்துல்லா போவும்? இது குங்குமத்தைக் கரைச்ச மாதிரி. கொடலு புண்ணாகல. பாஷாணம்னா கொடலு வெந்து கெடக்கும். இரைப்பை நெறையப் பச்சை. சோளப் பயிரு. அரைச்சுக்கூட முடியல, இலை இலையா அப்படியே கெடந்துச்சு."

"இதை ஏன் நீ யார்கிட்டயும் சொல்லல?" என்று நான் கேட்டேன்.

"யாரு கேட்டா?"

கோபமாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் சொன்னார். நான் ஜாடியை ஆராய்ந்தேன், வைத்தியர் ரத்தத்தை ஆராய்ந்தார், இன்ஸ்பெக்டர் ஊரை விசாரித்தார். நான்கு மாட்டையும் திறந்து பார்த்த ஒரே ஆள் இருபதடி தள்ளிக் கம்பிக்குப் பின்னால் இருந்தார்.

வைத்தியர் என் தோளைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். "இளஞ்சோளம் வே! தண்ணியில்லாம வாடி நிக்கிற சோளத்துல ஒரு விஷம் உண்டு. அது உள்ள போனா மாட்டு ரத்தத்துல பிராணவாயு நெறைய இருக்கும், உடம்பால அதை எடுத்துக்க முடியாது. அதான் செவப்பு. அதான் ஒரு நாழிகையில சாவு."

சயனைடு வகையான அந்த விஷம் மருந்து பட்டால் நீல நிறம் காட்டும் என்பதை நான் படித்திருந்தேன். அதற்கு வேண்டிய மருந்துகளும் நான் கையோடு எடுத்து வந்த சோதனைப் பெட்டியில் இருந்தன. ஆனால் மறுநாள் காலை ஊருக்குப் போனபோது ஆவுடையப்பன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். நல்ல உயரமான மனிதர், நாலு நாள் தாடி, கண் குழி விழுந்திருந்தது. அவருடைய வீட்டு வாசலில் ஐம்பது பேராவது கூடியிருந்தார்கள்.

"கல்லிடைக்குறிச்சியிலருந்து வந்த வைக்கோலைத் தவிர என் மாடு ஒண்ணையும் தின்னல" என்றார். "அவனைக் காப்பாத்த வந்திருக்கீங்க. போங்க."

"அண்ணாச்சி, உங்க சோளத்தை நான் ஒரு கை பறிச்சுக்கிடலாமா?"

"பறிச்சுக்கிடும். அதுல என்ன இருக்கு?"

கமலை ஓடாததால் அவருடைய சோளம் முழங்கால் உயரத்திலேயே நின்றுபோயிருந்தது. இடையில் பெய்த ஒரு கோடை மழையில் அடியிலிருந்து புதுத் தளிர் விட்டிருந்தது. வரப்போரமாகக் கடித்த தடமும் குளம்புத் தடமும் இருந்தன. நான் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஒரு கை பறித்துக்கொண்டு திரும்பினேன்.

வேப்பமரத்தடியில் மூன்று புட்டிகளை வைத்தேன். ஒன்றில் வெறும் தண்ணீர், அடுத்ததில் அவருடைய தொழுவில் சிந்திக் கிடந்த வைக்கோலை நறுக்கிப் போட்ட தண்ணீர், மூன்றாவதில் இடித்த சோளத் தளிர். ஒவ்வொன்றின் வாயிலும் மருந்தில் நனைத்த ஒரு தாள் துண்டைத் தொங்கவிட்டு மூடினேன். ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்.

அந்த ஒரு மணி நேரம்போல் நீண்ட நேரத்தை நான் பார்த்ததில்லை. கூட்டம் பொறுமையிழந்தது. "முதல்ல அந்தச் சோளத்தைத் தொறந்து காட்டும்" என்று ஒருவர் கத்தினார். "வெறுந் தண்ணியில என்னத்தைலே தேடுதான்?" என்று இன்னொருவர். சிரிப்பு எழுந்தது. இன்ஸ்பெக்டரும் என் காதருகே வந்து, "சீக்கிரம் முடிச்சிரும் வே" என்றார். சோளப் புட்டியை முதலில் திறந்தால் கூட்டம் அடங்கிவிடும் என்று எனக்கும் தெரியும். கை அதை நோக்கிப் போகவும் செய்தது. என் தாளே நீலமாகிற தாளாக இருந்துவிட்டால்? அந்தப் பயம் ஒன்றுதான் என் கையை நிறுத்தியது.

முதலில் வெறும் தண்ணீரின் தாளை எடுத்து மருந்தைச் சொட்டினேன். நிறமில்லை. அதை ஆவுடையப்பன் கையிலேயே கொடுத்தேன். அடுத்தது வைக்கோல். நிறமில்லை. "வைக்கோல் நல்ல வைக்கோல், அண்ணாச்சி" என்று அதையும் அவர் கையில் கொடுத்தேன். கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாவது தாளில் இரண்டாம் சொட்டு விழுந்ததும் ஆழ்ந்த நீலம் பரவியது. துணிக்குப் போடுகிற அவுரியைப் போல.

ஆவுடையப்பன் அந்தத் தாளையும் வாங்கி, மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வைக்கோல் தீந்துபோச்சு" என்றார். "மழை பெஞ்சு தளிரு விட்டுச்சு. முந்தின வாரம் ரெண்டு வாய் மேஞ்சுது, ஒண்ணும் ஆகல. பசியோட நிக்குதேன்னு அன்னைக்கு நாந்தான் அவுத்து விட்டேன். என் கையால." தாள்களைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தார். "நான் வளத்த மாடுய்யா."

அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. தன் கைதான் கொன்றது என்று நினைக்க முடியாமல், வேறு கையைத் தேடியிருக்கிறார். அவர் காட்டிய கைக்கு என் காகிதம் விலங்கு மாட்டிவிட்டது. அவர் செய்ததை நான் மன்னிப்பது எளிதாக இருந்தது, ஏனென்றால் நான் செய்ததும் அதில் பாதி.

அன்று சாயங்காலமே இன்ஸ்பெக்டர் சுடலையைத் தாமே ஊருக்கு அழைத்து வந்தார். பிரித்துப் போட்ட குடிசையை ஆவுடையப்பனின் ஆட்கள் திரும்பக் கட்டினார்கள். ஆவுடையப்பன் சுடலையிடம் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தானே பனையோலைக் கட்டைத் தூக்கி வந்து போட்டார். சுடலை அதை ஏற்றுக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. ஓலையை மட்டும் வாங்கி மேலே கொடுத்தார்.

நான் கிளம்புமுன் அவரிடம் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். "பதினோரு நாள், சுடலை. அதைத் திருப்பித் தர என்னால முடியாது" என்றேன். அப்போது எல்லாரும் அவரை 'நீ' என்றுதான் பேசினோம், நானும்தான்.

"அதை விடுங்க ஐயா. அடுத்த வாட்டி மாடு செத்தா மொதல்ல என்கிட்ட கேப்பீகளா?"

"கேப்பேன்."

"அப்ப சரி" என்றவர், வைத்தியர் பக்கம் திரும்பினார். "அந்தக் கண்ணாடியில வேற என்னமோ குச்சி குச்சியா தேடுனியளாமே. அது என்ன சீக்கு?"

வைத்தியர் அங்கேயே குத்த வைத்து உட்கார்ந்து அவருக்கு அடைப்பானைப் பற்றிச் சொன்னார். மூக்கில் வழிகிற உறையாத கறுப்பு ரத்தம், அறுத்தால் பரவும், அறுக்கிற ஆளையும் கொல்லும். சுடலை இடையிடையே கேட்ட கேள்விகளில் பாதிக்கு எங்கள் இருவருக்குமே பதில் தெரியவில்லை.

பேராசிரியர் மலையிலிருந்து திரும்பியதும் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை வேலையிலிருந்து அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டு காகிதங்களின் நகலையும் வாங்கிப் படித்தார், எழுதியதையும் மறுத்ததையும். "சோளத்தில் அது எந்த வயதில் அதிகம்? எத்தனை நாள் காய்ந்தால் குறையும்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "பின்னே ஏன் இன்னும் இங்கே நிற்கிறீர்?" என்றார். அப்படித்தான் என் முதல் ஆராய்ச்சி தொடங்கியது. நானும் வைத்தியரும் இரண்டு வருஷம் அந்தக் காட்டு வழியெல்லாம் சுற்றினோம். ஊர் ஊராகச் சோளம் பறித்தோம், ஊர் ஊராக எச்சரித்தோம். ஆவுடையப்பன் பல இடங்களுக்கு எங்களோடு வந்து, தன் நான்கு மாடுகளின் கதையைத் தன் வாயாலேயே சொன்னார். எங்கள் நீலத் தாளை நம்பாதவர்களும் அவரை நம்பினார்கள். சென்னைப் பதிலும் உரிய காலத்தில் வந்தது: பாஷாணம் இல்லை.

இரண்டாம் வருஷக் கடைசியில், வள்ளியூர்ச் சந்தைக்கு இரண்டு நாள் முன்னால், சுடலை சொல்லியனுப்பினார். சந்தைக்குக் கொண்டுவந்த ஒரு காளை வழியில் விழுந்து செத்திருக்கிறது. தோலை உரித்துக் கொடு என்று உடையவர் வற்புறுத்தியும் அவர் கத்தியை எடுக்கவில்லை. மற்ற மாடுகளை விலக்கி நிறுத்தச் சொல்லிவிட்டு, காளையின்மேல் முள்ளை வெட்டிப் போட்டு, நாயும் கழுகும் வராமல் காவல் இருந்திருக்கிறார்.

நாங்கள் போனபோது வெயிலில் அந்த முள் குவியலுக்குப் பத்தடி தள்ளி நின்றார்.

"என்ன நினைக்கிறீர்?" என்று நான் கேட்டேன். கேட்பதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா.

அவர் தலையை ஆட்டினார். "இப்ப சொல்ல மாட்டேன் ஐயா. நான் சொன்னா உங்க கண்ணுக்கு அதுதான் தெரியும். நீங்க பாருங்க. பொறவு சொல்லுதேன். ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாப்போம்."

வைத்தியர் காதோரம் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். சாவடியில் நுண்ணோக்கியை வைத்து, வேறொரு மாட்டின் நல்ல ரத்தத்தை முதலில் பார்த்தோம். பிறகு இதைப் பார்த்தோம். குச்சிகள், வரிசை வரிசையாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

நான் வெளியே வந்தேன். சுடலை என் முகத்தைப் பார்த்தார். அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"அடைப்பான்" என்றார்.

"அடைப்பான்தான்" என்றேன்.

அவர் அப்போதுதான் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, மண்வெட்டி வாங்கி வர ஆள் அனுப்பினார். சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைத்தோம். அந்தச் சந்தையில் வேறு ஒரு மாடும் சாகவில்லை, மனிதர் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.